இயான் பிளெமிங்

இயான் லங்காஸ்டர் பிளெமிங் (மே 28, 1908 – ஆகஸ்ட் 12, 1964) ஓர் ஆங்கில எழுத்தாளரும் இதழாளரும் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் உளவுத்துறையில் பணியாற்றினார். 007 என்ற குறியெண் கொண்ட ஜேம்ஸ் பாண்ட் என்னும் கற்பனை உளவாளியைப் படைத்தவர் என்ற வகையில் உலகெங்கும் அறியப்படுகிறார். பாண்டைக் கதைத்தலைவனாகக் கொண்டு இவர் எழுதியவை 12 புதினங்களும் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் ஆகும். இந்நூல்கள் 10 கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையாகியுள்ளன.

பாண்ட் கதைகளைக் கொண்டு இயோன் புரொடக்சன்ஸ் நிறுவனம் 1962 முதல் 2021 வரை 25 திரைப்படங்களைத் தயாரித்தது. இவற்றுள் பிளெமிங்கின் வாழ்நாளில் வெளிவந்தவை இரண்டு மட்டுமே. எனினும், இத்தொடரின் பழைய படங்களை மீண்டும் பார்த்து மதிப்பிடும் திறனாய்வாளர்களும் இரசிகர்களும் இவருடைய நூல்களையே ஓர் அளவுகோலாகக் கொள்வது வழக்கமாக உள்ளது. வெளிவந்தபோது குறைவாக மதிக்கப்பட்ட சில படங்கள் பிற்காலத்தில் உயர்ந்த இடத்தைப் பெற்றதற்கு, அவை இவருடைய எழுத்துக்கு நெருக்கமாக இருந்ததும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

இளமைக்காலமும் கல்வியும்

பிளெமிங் இலண்டன் நகரின் மேபேர் பகுதியில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ராபர்ட் பிளெமிங் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்தவர். தன் பெயரில் நிதி நிறுவனம் ஒன்றை நிறுவியவர். தந்தை வாலன்டைன் பிளெமிங் 1910 முதல் ஹென்லி தொகுதியின் பழமைவாதக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். முதலாம் உலகப் போரில் மேற்கு முனையில் போரிட்ட அவர், மே 20, 1917 அன்று செருமானியரின் எறிகணைத் தாக்குதலில் உயிரிழந்தார். அப்போது இயானுக்கு ஒன்பது வயது நிறைவடையவில்லை. தந்தைக்கான இரங்கற் குறிப்பை 'தி டைம்ஸ்' நாளிதழில் எழுதியவர் வின்ஸ்டன் சர்ச்சில் ஆவார்.

நான்கு உடன்பிறந்தாருள் இயான் இரண்டாமவர். மூத்தவரான பீட்டர் பிளெமிங் பயண நூல்களால் புகழ் பெற்ற எழுத்தாளர். தமையனாரின் கல்விச் சிறப்போடு ஒப்பிடப்பட்டே இயான் வளர்ந்தார். டார்செட் மாவட்டத்தில் உள்ள டர்ன்போர்டு பள்ளியிலும், 1921 முதல் ஈட்டன் கல்லூரியிலும் பயின்றார். படிப்பில் பெரிதாகச் சிறக்கவில்லை என்றாலும் தடகள விளையாட்டுகளில் ஈட்டனின் தலைசிறந்த வீரருக்கான பட்டத்தை 1925, 1926 ஆகிய இரு ஆண்டுகளிலும் தொடர்ந்து பெற்றார்.

பின்னர் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் சேர்க்கப்பட்ட இவர், அதிகாரிப் பதவி எதுவும் பெறாமலே 1927 இல் அங்கிருந்து விலகினார். அதன்பின் தாயார் இவரை ஆஸ்திரியாவின் கிட்சுபூல் நகருக்கு அனுப்பினார். அங்கு முன்னாள் உளவு அதிகாரி எர்னன் போர்பஸ் டென்னிசும், அவருடைய மனைவியும் புதின எழுத்தாளருமான பிலிஸ் பாட்டமும் நடத்தி வந்த சிறு பள்ளியில் மொழிகளைக் கற்றார். மலையேற்றத்திலும் பனிச்சறுக்கிலும் இவருக்கு ஏற்பட்ட ஈடுபாடு பிற்காலக் கதைகளில் வெளிப்பட்டது. பின்னர் மியூனிக், ஜெனீவா பல்கலைக்கழகங்களிலும் சிறிது காலம் பயின்றார். 1931 இல் வெளியுறவுத் துறைக்கான தேர்வை எழுதினார். ஆனால் பணி கிடைக்கவில்லை.

இதழியலும் வணிகமும்

1931 இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1933 இல் மாஸ்கோவில் பிரித்தானியப் பொறியாளர்கள் மீது சோவியத் அரசு நடத்திய உளவுக் குற்ற வழக்கைப் பற்றிய செய்திகளை அனுப்பும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. விரைவாகவும் சுருக்கமாகவும் எழுதும் பழக்கம் ராய்ட்டர்சில் அமைந்தது. அதே ஆண்டில் குடும்பத்தினரின் வற்புறுத்தலால் இதழியலை விட்டு வங்கித் தொழிலுக்கும், 1935 இல் பங்குத் தரகு நிறுவனம் ஒன்றுக்கும் மாறினார். இவ்விரு தொழில்களிலும் இவர் வெற்றி பெறவில்லை.

கடற்படை உளவுத்துறையில்

1939 இல் கடற்படை உளவுத்துறையின் இயக்குநரான ரியர் அட்மிரல் ஜான் காட்பிரே, பிளெமிங்கைத் தன் நேர்முக உதவியாளராகத் தெரிவு செய்தார். கடற்படைத் தலைமையகத்தின் 39 ஆம் எண் அறையில் பணியாற்றிய இவருக்கு 17எஃப் என்ற குறிப்பெயர் வழங்கப்பட்டது. தன்னார்வக் கடற்படையில் லெப்டினன்டாகச் சேர்ந்து கமாண்டர் நிலைக்கு உயர்ந்தார். ஜேம்ஸ் பாண்டுக்கும் இதே கமாண்டர் பதவியையே இவர் பின்னர் வழங்கினார். பாண்டின் மேலதிகாரியாக வரும் எம் என்ற பாத்திரத்துக்குக் காட்பிரே முன்மாதிரியாக இருந்தார் எனக் கருதப்படுகிறது.

போர்க்காலத்தில் இவருடைய பணி பெரும்பாலும் மேசையில் அமர்ந்து திட்டம் தீட்டுவதும் பிற துறைகளோடு தொடர்பு கொள்வதுமாகவே இருந்தது. இவர் பங்கு பெற்ற திட்டங்களுள் சில பின்வருமாறு:

* 1939 செப்டம்பரில் காட்பிரேயின் பெயரில் சுற்றுக்கு விடப்பட்ட குறிப்பு ஒன்றில், பகைவரை ஏமாற்றும் பல வழிகள் தொகுக்கப்பட்டிருந்தன. போலி ஆவணங்களுடன் ஒரு பிணத்தைப் பகைவர் கையில் கிடைக்கச் செய்வது அவற்றுள் ஒன்று. இக்குறிப்பைப் பெரும்பாலும் எழுதியவர் பிளெமிங்கே எனக் கருதப்படுகிறது. 1943 இல் பிற அதிகாரிகள் இதையொத்த திட்டத்தை வெற்றிகரமாக நிறைவேற்றினர்.
* 1940 இல், கைப்பற்றப்பட்ட செருமானிய வானூர்தி ஒன்றைக் கடலில் விழச் செய்து, மீட்க வரும் செருமானியப் படகிலிருந்து எனிக்மா குறிமுறை ஆவணங்களைக் கைப்பற்றும் திட்டத்தை வகுத்தார். இத்திட்டம் கைவிடப்பட்டது.
* எசுப்பானியா செருமனியின் பக்கம் சாய்ந்தால் ஜிப்ரால்டரில் உளவுப்பணியைத் தொடர்வதற்கான கோல்டன்ஐ என்ற திட்டத்தை மேற்பார்வையிட்டார்.
* 1942 இல் அமைக்கப்பட்ட 30 ஆம் தாக்குதற் பிரிவின் நடவடிக்கைகளைத் தலைமையகத்திலிருந்து வழிநடத்தினார். முன்னணிப் படைகளோடு சென்று பகைவரின் ஆவணங்களையும் கருவிகளையும் கைப்பற்றுவது இப்பிரிவின் பணியாகும்.

களத்தில் நேரடியாக ஈடுபடும் வாய்ப்பு இவருக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. தானறிந்த ஒற்றர்கள், கமாண்டோ வீரர்கள் பலரின் இயல்புகளைச் சேர்த்துப் பாண்ட் என்ற பாத்திரத்தை இவர் அமைத்தார்.

ஜமேக்காவும் திருமணமும்

1942 இல் மாநாடு ஒன்றிற்காக ஜமேக்கா சென்ற பிளெமிங், போர் முடிந்ததும் அத்தீவில் வாழ முடிவு செய்தார். நண்பர் ஐவார் பிரைசின் உதவியுடன் ஒரகபெசா என்ற ஊரில் நிலம் வாங்கி வீடு கட்டினார். அவ்வீட்டிற்குக் கோல்டன்ஐ எனப் பெயரிட்டார். 1945 இல் கடற்படையிலிருந்து விடுவிக்கப்பட்டதும், 'சண்டே டைம்ஸ்' இதழை நடத்தி வந்த கெம்ஸ்லி நிறுவனத்தில் வெளிநாட்டுச் செய்திப் பிரிவின் மேலாளரானார். ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில் ஜமேக்காவில் தங்குவதற்கு நீண்ட விடுமுறை வழங்கப்பட வேண்டும் என்பது பணி ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. பாண்ட் நூல்கள் அனைத்தும் இத்தகைய விடுமுறைகளில் எழுதப்பட்டவையே.

மார்ச் 24, 1952 அன்று ஆன் சார்ட்டரிஸ் என்பவரை ஜமேக்காவில் மணந்தார். ஆன் அதற்குமுன் இருமுறை மணமானவர். அதே ஆண்டு ஆகஸ்டில் இவர்களுக்குக் காஸ்பர் என்ற மகன் பிறந்தான். மணவாழ்க்கையில் இருவருக்கும் இடையே பிணக்குகள் மிகுந்திருந்தன. ஆனின் இலக்கிய நண்பர்கள் கணவரின் நூல்களைப் பெரிதாக மதிக்கவில்லை. இது பிளெமிங்கை வருத்தியது.

எழுத்துப்பணி

1952 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்னர், 'கேசினோ ராயல்' என்ற முதற் புதினத்தை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 13, 1953 அன்று ஜொனாதன் கேப் பதிப்பகம் அதனை வெளியிட்டது. கதைத்தலைவனுக்கு எளிமையான, எவ்விதக் கவர்ச்சியுமற்ற பெயர் வேண்டும் என விரும்பிய பிளெமிங், மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்கப் பறவையியலாளர் ஜேம்ஸ் பாண்டின் பெயரை எடுத்துக்கொண்டார்.

இதன்பின் ஆண்டுக்கு ஒரு நூல் வீதம் எழுதி வந்தார். உணவு, மது, உடை, ஊர்தி, சீட்டாட்டம் ஆகியவற்றை வணிகப் பெயர்களுடன் நுணுக்கமாக விவரிப்பது இவரது நடையின் தனித்தன்மை. போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் கட்டுப்பாடுகளில் வாழ்ந்த பிரித்தானிய வாசகர்களுக்கு இவ்விவரிப்புகள் பெரும் ஈர்ப்பாக அமைந்தன. புதினங்களில் வரும் பாண்ட் திரையில் தோன்றும் பாண்டிலிருந்து வேறுபட்டவன். அவன் அஞ்சுகிறான், காயமுறுகிறான், தன் தொழிலைப் பற்றி ஐயுறுகிறான். நகைச்சுவை அவனிடம் குறைவு.

1958 இல் 'டாக்டர் நோ' வெளிவந்தபோது பிளெமிங் கடும் தாக்குதலுக்கு உள்ளானார். 'நியூ ஸ்டேட்ஸ்மன்' இதழில் பால் ஜான்சன் எழுதிய மதிப்புரை, இந்நூலில் வன்முறையும் பாலியலும் மேட்டிமைத்தனமும் மலிந்துள்ளன எனச் சாடியது. இதற்கு மாறாக 1961 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடிக்குப் பிடித்த பத்து நூல்களின் பட்டியலை 'லைஃப்' இதழ் வெளியிட்டபோது, அதில் 'பிரம் ரஷ்யா வித் லவ்' இடம்பெற்றது. அமெரிக்காவில் இவரது நூல்களின் விற்பனை பெருக இது காரணமாயிற்று.

தண்டர்பால் வழக்கு

பாண்டைத் திரைக்குக் கொண்டுவரப் பிளெமிங் பல ஆண்டுகள் முயன்றார். 'கேசினோ ராயல்' 1954 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நாடகமாக வந்ததோடு நின்றது. 1959 இல் அயர்லாந்தைச் சேர்ந்த கெவின் மெக்லோரி, திரைக்கதையாசிரியர் ஜாக் விட்டிங்காம் ஆகியோருடன் இணைந்து புதிய திரைக்கதை ஒன்றை உருவாக்கினார். அப்படம் எடுக்கப்படவில்லை. பின்னர் அக்கதையைப் பிளெமிங் 'தண்டர்பால்' என்ற புதினமாக எழுதி 1961 இல் வெளியிட்டார். கூட்டாக உருவான கதையை இணையாசிரியர்களின் ஒப்புதலின்றிப் பயன்படுத்தியதாக மெக்லோரியும் விட்டிங்காமும் உயர் நீதிமன்றத்தை நாடினர். நூல் வெளிவருவதைத் தடுக்க நீதிமன்றம் மறுத்தது. ஆனால் வழக்கு தொடர அனுமதித்தது.

1961 ஏப்ரலில் பிளெமிங்கிற்கு மாரடைப்பு ஏற்பட்டது. ஓய்விலிருந்தபோது மகனுக்குச் சொன்ன கதையைச் 'சிட்டி சிட்டி பேங் பேங்' என்ற சிறுவர் நூலாக எழுதினார். வழக்கு 1963 நவம்பரில் விசாரணைக்கு வந்தது. உடல் நலிவுற்றிருந்த பிளெமிங், பிரைசின் அறிவுரைப்படி சமரசத்துக்கு இணங்கினார். திரைப்பட உரிமை மெக்லோரிக்குச் சென்றது. கதை மூவரின் திரைக்கதையை அடிப்படையாகக் கொண்டது என்ற குறிப்பு நூலின் பிற்காலப் பதிப்புகளில் சேர்க்கப்பட்டது. இத்தீர்வின் விளைவுகள் பாண்ட் படங்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தன.

திரைப்படங்களும் இறுதிக்காலமும்

1961 இல் தயாரிப்பாளர் ஹாரி சால்ட்ஸ்மன் பெரும்பாலான பாண்ட் நூல்களின் திரைப்பட உரிமையைப் பெற்றார். அவரும் ஆல்பர்ட் புரோக்கலியும் இணைந்து இயோன் நிறுவனத்தை அமைத்தனர். டெரன்ஸ் யங் இயக்கிய 'டாக்டர் நோ' ஏறத்தாழ பத்து இலட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, அக்டோபர் 5, 1962 அன்று இலண்டனில் திரையிடப்பட்டது. ஜமேக்காவில் நடைபெற்ற படப்பிடிப்பைப் பிளெமிங் நேரில் பார்த்தார்.

எடின்பரோவின் உழைக்கும் வகுப்பிலிருந்து வந்த ஷான் கானரி தன் கதைத்தலைவனுக்குப் பொருத்தமானவரல்லர் எனப் பிளெமிங் முதலில் கருதினார். பின்னர் கானரியின் நடிப்பைக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டார். 1963, 1964 ஆண்டுகளில் வெளிவந்த புதினங்களில் பாண்டின் தந்தை ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர், தாய் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவர் எனக் குறிப்பிட்டார். இதற்குக் கானரியின் தாக்கமே காரணம் எனப் பலர் கருதுகின்றனர்.

1963 இல் வெளிவந்த 'பிரம் ரஷ்யா வித் லவ்' இவர் பார்த்த இரண்டாவது பாண்ட் படமாகும். அதன் இஸ்தான்புல் படப்பிடிப்புக்கும், பின்னர் 'கோல்ட்பிங்கர்' படப்பிடிப்புத் தளத்துக்கும் சென்று வந்தார். மாரடைப்புக்குப் பின்னும் புகைப்பழக்கத்தையும் மதுவையும் விடவில்லை. ஆகஸ்ட் 11, 1964 அன்று கென்ட் மாவட்டத்தில் மீண்டும் மாரடைப்பு ஏற்பட்டு, மறுநாள் அதிகாலை கேன்டர்பரி மருத்துவமனையில் காலமானார். அன்று மகன் காஸ்பரின் பன்னிரண்டாம் பிறந்தநாள். 'கோல்ட்பிங்கர்' ஐந்து வாரங்கள் கழித்துத் திரைக்கு வந்தது. பிளெமிங்கின் உடல் சுவிண்டன் நகருக்கு அருகிலுள்ள செவன்ஹாம்டன் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டது. 1975 இல் இறந்த காஸ்பரும், 1981 இல் இறந்த ஆனும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

திரைப்படங்களின் மறுமதிப்பீடு

பாண்ட் படங்கள் திரையரங்குகளில் மறுவெளியீடு கண்டும், தொலைக்காட்சியிலும் ஒளிநாடாவிலும் குறுவட்டுகளிலும் வெளிவந்தும் பல தலைமுறைகளால் மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்டன. இதனால் வெளிவந்த ஆண்டின் வசூலையும் மதிப்புரையையும் கடந்து இப்படங்கள் மதிப்பிடப்படலாயின.

நூலை மேம்படுத்திய படத்துக்கு எடுத்துக்காட்டாகக் 'கோல்ட்பிங்கர்' கூறப்படுகிறது. நூலில் வில்லன் போர்ட் நாக்ஸ் கருவூலத்தின் தங்கத்தைக் கொள்ளையடிக்க முயல்கிறான். அவ்வளவு தங்கத்தைக் குறுகிய நேரத்தில் எடுத்துச் செல்வது இயலாது என்ற குறை இதில் இருந்தது. படத்தில் அத்தங்கத்தை அணுக்கதிர்வீச்சால் பயனற்றதாக்கித் தன்னிடமுள்ள தங்கத்தின் விலையை உயர்த்துவது அவனது திட்டமாக மாற்றப்பட்டது. அதே வேளையில், வைக்கோற் கொட்டகையில் பாண்ட் ஒரு பெண்ணை வலிந்து அடையும் காட்சி பிற்காலப் பார்வையாளர்களால் கடுமையாகக் கண்டிக்கப்படுகிறது. 'தண்டர்பால்' (1965) படத்தின் நீருக்கடியிலான சண்டைகள் அன்று வியப்பை அளித்தன. காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதும் அப்படத்துக்குக் கிடைத்தது. இன்று அக்காட்சிகள் மிக நீண்டவை என்ற கருத்து பரவலாக உள்ளது.

மறுமதிப்பீட்டால் மிகவும் உயர்ந்த படம் 'ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரட் சர்வீஸ்' (1969) ஆகும். முந்தைய பாண்ட் படங்களின் படத்தொகுப்பாளரான பீட்டர் ஹண்ட் இதனை இயக்கினார். கானரிக்கு மாற்றாக ஜார்ஜ் லேசன்பி என்ற புதியவர் நடித்தார். பிளெமிங்கின் நூலைப் பெரிதும் ஒட்டியே திரைக்கதை அமைந்தது. பாண்ட் திரேசா என்ற பெண்ணை மணக்கிறான். மணநாளிலேயே அவள் சுட்டுக் கொல்லப்படுகிறாள். துயரமான இம்முடிவையும் புதிய நடிகரையும் அன்றைய இரசிகர்கள் பலர் ஏற்கவில்லை. வசூலும் முந்தைய படத்தைவிடக் குறைந்தது. பிற்காலத்தில் டயானா ரிக்கின் நடிப்பு, பனிச்சறுக்குக் காட்சிகளின் படத்தொகுப்பு, ஜான் பாரியின் இசை ஆகியவற்றுக்காக இப்படம் தொடரின் சிறந்த படங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் தனக்குப் பிடித்த பாண்ட் படமாக இதனைக் குறிப்பிட்டுள்ளார். 'நோ டைம் டு டை' (2021) இப்படத்தின் பாடலை மீண்டும் பயன்படுத்தியது.

'மூன்ரேக்கர்' (1979) இதற்கு நேர்மாறானது. ஏவுகணை ஒன்றைப் பற்றிப் பெரும்பாலும் கென்ட் மாவட்டத்தில் நிகழும் நூலிலிருந்து தலைப்பு, வில்லனின் பெயர் முதலிய சிலவே எடுத்தாளப்பட்டன. 1977 இல் 'ஸ்டார் வார்ஸ்' பெற்ற வெற்றியைத் தொடர்ந்து பாண்ட் விண்வெளிக்கு அனுப்பப்பட்டார். 1995 வரை தொடரிலேயே மிகுந்த வசூலைப் பெற்ற படமாக இது இருந்தது. ஆயினும் மறுமதிப்பீட்டுப் பட்டியல்களில் பெரும்பாலும் கீழ் வரிசையிலேயே இடம்பெறுகிறது. அடுத்து வந்த 'பார் யுவர் ஐஸ் ஒன்லி' (1981) பிளெமிங்கின் சிறுகதைகளுக்குத் திரும்பியது. பாண்டைப் பவளப்பாறைகளின் மீது படகால் இழுத்துச் செல்லும் காட்சி 'லிவ் அண்ட் லெட் டை' நூலிலிருந்து எடுக்கப்பட்டது.

'ஆக்டோபசி' (1983) படத்தின் பெரும்பகுதி இந்தியாவில் நிகழ்கிறது. உதயப்பூரில் படப்பிடிப்பு நடைபெற்றது; சென்னையில் பிறந்த டென்னிசு வீரர் விஜய் அமிர்தராஜ் இதில் பாண்டின் இந்திய உதவியாளராக நடித்தார். மூலச் சிறுகதை ஜமேக்காவில் நிகழ்வது. அதன் நிகழ்வுகள் படத்தில் கதைத்தலைவியின் தந்தையைப் பற்றிய பழங்கதையாகச் சுருக்கப்பட்டன. பாம்பாட்டிகளும் ஆணிப்படுக்கையும் நிறைந்த இந்தியச் சித்திரிப்பு பிற்காலத்தில் குறை கூறப்பட்டது.

திமோதி டால்டன் நடித்த 'லைசன்ஸ் டு கில்' (1989) பிளெமிங்கின் தலைப்பைக் கொள்ளாத முதல் இயோன் படமாகும். அளவுக்கு மீறி இருண்டது, வன்முறை மிகுந்தது என அன்று கூறப்பட்டது. அமெரிக்காவில் வசூலும் குறைவாக இருந்தது. ஆயினும் பாண்டின் நண்பர் சுறாவால் தாக்கப்படும் நிகழ்வு, கிரெஸ்ட் என்ற பாத்திரம் ஆகியவை பிளெமிங்கின் பக்கங்களிலிருந்தே வந்தவை. டால்டன் மூலநூல்களைப் படித்து, அவற்றில் உள்ள களைப்புற்ற மனிதனை நடிக்க முயன்றார். டேனியல் கிரெய்க் 2006 முதல் இதையொத்த முறையில் நடித்து வெற்றி பெற்றபின், டால்டனின் இரு படங்களும் காலத்தை முந்தியவை என்ற கருத்து வலுப்பெற்றது.

'கேசினோ ராயல்' புதினத்தின் உரிமை நெடுங்காலம் இயோனிடம் இல்லை. 1967 இல் வேறு தயாரிப்பாளர் அதனை நையாண்டிப் படமாக எடுத்தார். 1999 இல் உரிமை கைமாறியதால் 2006 இல் இயோன் அதனைப் படமாக்க முடிந்தது. சீட்டாட்டம் பாக்கராவிலிருந்து போக்கருக்கு மாற்றப்பட்டாலும், சித்திரவதைக் காட்சி, வெஸ்பரின் துரோகம், அவளது சாவு ஆகியவை நூலின் போக்கையே பின்பற்றின. 'ஸ்கைபால்' (2012) படத்தில் காட்டப்படும் ஸ்காட்லாந்துப் பூர்வீக வீடும், கல்லறையில் உள்ள பெற்றோரின் பெயர்களும் பிளெமிங் தன் இறுதிக்காலத்தில் எழுதிய குடும்ப வரலாற்றிலிருந்து வந்தவை.

தண்டர்பால் வழக்கின் விளைவும் படங்களில் தெரிகிறது. மெக்லோரி தன் உரிமையைக் கொண்டு 1983 இல் கானரியை வைத்து 'நெவர் சே நெவர் அகெய்ன்' என்ற போட்டிப் படத்தை வெளிக்கொணர்ந்தார். ஸ்பெக்டர் என்ற குற்றக் குழுவின் பெயரை இயோன் 1970களுக்குப் பின் பயன்படுத்தவில்லை. மெக்லோரியின் மறைவுக்குப் பின், 2013 இல் அவருடைய வாரிசுகளிடமிருந்து உரிமைகள் பெறப்பட்டன. 2015 இல் 'ஸ்பெக்டர்' என்ற பெயரிலேயே படம் வெளிவந்தது. 2025 இல் தொடரின் படைப்புக் கட்டுப்பாடு புரோக்கலி குடும்பத்திடமிருந்து அமேசான் எம்ஜிஎம் நிறுவனத்துக்குச் சென்றது.

நூல்களின் மறுமதிப்பீடு

படங்களைப் போலவே நூல்களும் மறுமதிப்பீட்டுக்கு உள்ளாயின. கறுப்பின மக்களையும் ஆசிய மக்களையும் பெண்களையும் பிளெமிங் சித்திரித்த முறை, பேரரசின் வீழ்ச்சியை ஏற்க மறுக்கும் மனநிலையைக் காட்டுகிறது என்பது ஒரு சாராரின் கருத்து. விறுவிறுப்பான கதையோட்டம், இடங்களைக் கண்முன் நிறுத்தும் திறன் ஆகியவற்றுக்காக இவரைப் போற்றுவோரும் உளர். 'லிவ் அண்ட் லெட் டை' நூலின் அமெரிக்கப் பதிப்பில் இனம் சார்ந்த சில சொற்களை மாற்றப் பிளெமிங்கே இசைந்திருந்தார். முதற் புதினத்தின் 70 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2023 இல் வெளிவந்த பதிப்புகளில், இவரது உரிமையைப் பேணும் நிறுவனம் மேலும் சில சொற்களை நீக்கியது. இது பெரும் விவாதத்துக்கு உள்ளானது. கறைகளை நீக்கினால் அக்காலத்தை அறியும் சான்றும் மறைந்துவிடும் என ஒரு தரப்பினரும், பொழுதுபோக்கு நூலில் புண்படுத்தும் சொற்கள் தேவையில்லை என மறு தரப்பினரும் வாதிட்டனர்.

பாண்ட் நூல்களின் பட்டியல்

அடைப்புக்குறிக்குள் முதலில் நூல் வெளிவந்த ஆண்டும், அடுத்து அதே தலைப்பிலான இயோன் படத்தின் ஆண்டும் தரப்பட்டுள்ளன.

* கேசினோ ராயல் (1953, 2006)
* லிவ் அண்ட் லெட் டை (1954, 1973)
* மூன்ரேக்கர் (1955, 1979)
* டயமண்ட்ஸ் ஆர் பாரெவர் (1956, 1971)
* பிரம் ரஷ்யா வித் லவ் (1957, 1963)
* டாக்டர் நோ (1958, 1962)
* கோல்ட்பிங்கர் (1959, 1964)
* பார் யுவர் ஐஸ் ஒன்லி – சிறுகதைகள் (1960; 1981)
* தண்டர்பால் (1961, 1965)
* தி ஸ்பை ஹூ லவ்ட் மீ (1962, 1977) – தலைப்பை மட்டும் பயன்படுத்தவே பிளெமிங் அனுமதித்திருந்தார்
* ஆன் ஹெர் மெஜஸ்டீஸ் சீக்ரட் சர்வீஸ் (1963, 1969)
* யூ ஒன்லி லிவ் டுவைஸ் (1964, 1967)
* தி மேன் வித் த கோல்டன் கன் (1965, 1974) – ஆசிரியரின் மறைவுக்குப் பின் வெளிவந்தது
* ஆக்டோபசி அண்ட் த லிவிங் டேலைட்ஸ் – சிறுகதைகள் (1966, 1983, 1987) – ஆசிரியரின் மறைவுக்குப் பின் வெளிவந்தது, இரு படங்களாக எடுக்கப்பட்டது